சீந்தில் குடிக்கறீங்களா? கல்லீரலையும் கூடவே பாத்துக்கறது எப்படி

நான் லேப் டெக்னீஷியன். பதினாலு வருஷமா ரத்தம் எடுக்கறதும் ரிப்போர்ட் அடிக்கறதும்தான் வேலை. டாக்டர் இல்ல, சித்த வைத்தியரும் இல்ல, அதனால யாருக்கும் மருந்து சொல்லப் போறதில்ல. சீந்தில்ங்கற மூலிகை கொடிய தண்ணியா, கஷாயமா குடிச்சிட்டு இருக்கறவங்க, குடிக்கலாமான்னு யோசிக்கறவங்க, வீட்ல அம்மா அப்பா குடிக்கறத பாத்து உள்ளுக்குள்ள பயப்படறவங்க, இவங்க என்னென்ன பண்ணணும்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

2021 ஆடி மாசம் எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, நான் வேலை பாக்கற லேபுக்கே வந்தாங்க. ரெண்டு வாரமா அசதி, சோத்த பாத்தாலே குமட்டுது, சுகர் ஏறியிருக்கும் போல பாத்து சொல்லுடின்னு வந்து உக்காந்தாங்க. ரத்தம் எடுத்துட்டு வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி, மருந்து மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களான்னு கேட்டேன். "சுகர் மாத்திரையும் தைராய்டு மாத்திரையுந்தான், வேற ஒண்ணும் இல்ல"ன்னாங்க. நானும் அப்படியே எழுதிட்டேன்.

டியூப்ப சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி எடுத்தா ரத்தம் கீழ தங்கி மேல சீரம் தெளிஞ்சு நிக்கும், நல்லா இருக்கறவங்களுக்கு அது வெளுத்த வைக்கோல் கலர்ல இருக்கும். அத்தையோட டியூப்ல செக்கு நல்லெண்ணெய ஊத்தி வெச்ச மாதிரி நின்னுச்சு. மெஷின்ல வைக்கறதுக்கு முன்னாடியே எனக்கு வயித்த பெசஞ்சிருச்சு. அவங்க கேட்டது சுகர் டெஸ்ட் மட்டுந்தான், நானே எல்எஃப்டியும், அதாவது கல்லீரல் எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்டும், சேத்து போட்டேன். கல்லீரல் செல்லுக்குள்ள இருக்கற எஸ்ஜிபிடிங்கற நொதி 1,180. காமாலைல உடம்ப மஞ்சளாக்கற பிலிருபின் 8.4. எஸ்ஜிபிடி 40 வரைக்கும், பிலிருபின் 1.2 வரைக்கும் இருக்க வேண்டியது.

வீட்டுக்கு போய் மறுபடியும் கேட்டேன். "அத்தை, வேற எதுவுமே சாப்பிடலயா?" "இல்லடி." அடுப்பு மேடைல ஒரு சொம்பு மூடி இருந்துச்சு. "இது என்ன?" "அது சீந்தில் தண்ணி, கொரோனா ரெண்டாவது அலை வந்தப்ப இருந்து காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிக்கறேன், அது மருந்தா என்ன?"

நான் இங்க சொல்ல வர்றது அந்த கேள்வியப் பத்திதான். ஆமா, அது மருந்துதான். மருந்துன்னு நினைச்சு குடிச்சா எப்ப ஆரம்பிச்சோம், எவ்வளவு குடிக்கறோம், எப்ப நிறுத்தணும்னு ஒரு கணக்கு இருக்கும். தண்ணி மாதிரி நினைச்சு குடிச்சா அந்த கணக்கே இல்லாம போயிருது, டாக்டர் கேட்டாலும் வாயில வராது.

விஷயம் என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன்

சீந்தில் நம்ம ஊர்ல புதுசு இல்ல. வேலில, வேப்பமரத்துல, பழைய கிணத்தடில எல்லாம் படர்ந்து கெடக்கும். அமிர்தவல்லின்னு இன்னொரு பேர் இருக்கு, வெட்டி கயித்துல தொங்க விட்டாகூட காயாம துளிர் விடும், அதுக்குத்தான் அந்த பேர். சித்த வைத்தியத்துல காய்ச்சலுக்கு, சுகருக்கு குடுக்கறாங்க, தண்ட இடிச்சு தண்ணில கரைச்சு திரும்ப திரும்ப தெளிய வெச்சு அடில தங்கற மாவ காய வெச்சு எடுத்தா அதுதான் சீந்தில் சர்க்கரை. கபசுர குடிநீர்ல இருக்கற 15 சரக்குல சீந்தில் தண்டும் ஒண்ணு. வடக்க இதுக்கு கிலோய்னு பேரு, 2020 அக்டோபர்ல ஆயுஷ் அமைச்சகம் கொரோனாவுக்குன்னு வெளியிட்ட வழிமுறைல குடூச்சின்னு இருந்ததும் இதேதான். அந்த கொரோனா காலத்துல எல்லா கடைலயும் ஜூஸ் பாட்டில், மாத்திரை, பவுடர்னு குவிஞ்சுச்சு.

2020 செப்டம்பர்ல இருந்து டிசம்பருக்குள்ள மும்பைல கல்லீரல் டாக்டருங்க 6 பேர பாத்தாங்க, எல்லாரும் சீந்தில் குடிச்சவங்க, எல்லாருக்கும் கல்லீரல் வீக்கம், அத 2021ல கட்டுரையா போட்டாங்க. அப்புறம் நாடு முழுக்க 13 ஆஸ்பத்திரி சேந்து 43 பேரோட விவரத்த 2022ல வெளியிட்டாங்க. அதுல என் மனசுல நின்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து அறிகுறி வர்ற வரைக்கும் ஆன நாள் கணக்கு, நடு மதிப்பு 46 நாள். கிட்டத்தட்ட ஒரு மண்டலம். நம்ம ஆளுங்க எந்த கஷாயத்த எடுத்தாலும் ஒரு மண்டலம் குடின்னுதான சொல்றாங்க, சரியா அந்த இடத்துலதான் வந்து நிக்குது. இன்னொண்ணு, மூணுல ரெண்டு பேருக்கு ஏஎன்ஏ மாதிரி ஆன்டிபாடி பாசிட்டிவ்வா இருந்துச்சு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தி சொந்த கல்லீரலையே எதிரியா நினைச்சு அடிக்கற மாதிரியான பாதிப்பு. எதிர்ப்பு சக்திய தூண்டி விடணும்னுதான் எல்லாரும் இத குடிக்கறாங்க. ஏற்கனவே எதிர்ப்பு சக்தி தப்பான பக்கம் திரும்பி இருக்கற உடம்புல அந்த தூண்டுதல் கல்லீரல் மேல பாயுது, டாக்டருங்க சொல்ற காரணம் இதுதான்.

ஆயுஷ் அமைச்சகம் 2021லயே இத மறுத்தாங்க, சீந்தில் பாதுகாப்பானதுதான், பாக்க அதே மாதிரி இருக்கற வேற கொடிய மாத்தி குடிச்சிருக்கலாம்னு சொன்னாங்க. அப்படி மாறி போறதுக்கு வாய்ப்பு இருக்கறது உண்மை, அத கீழ சொல்றேன். ஆனா எங்க அத்தை குடிச்சது எந்த கம்பெனி பாட்டிலும் இல்ல, கொல்லைல வேப்பமரத்துல ஏறின கொடி, வேம்புல ஏறின சீந்தில்தான் ஒசத்தின்னு தேடி வெட்டுவாங்கல்ல, அதே. நானே வெட்டி பாத்தேன், சீந்தில்தான்.

குடிச்ச எல்லாருக்கும் இப்படி ஆகாது. லட்சக்கணக்கான பேர் குடிச்சாங்க, கொஞ்ச பேருக்குத்தான் ஆச்சு. ஆனா அந்த கொஞ்ச பேர்ல நீங்க உண்டா இல்லையான்னு குடிக்கறதுக்கு முன்னாடி தெரியாதே, அதனாலதான் கீழ இருக்கற வேலையெல்லாம்.

குடிக்கறதுக்கு முன்னாடி

முதல்ல யார் தொடவே கூடாதுன்னு பாத்துடுங்க. தைராய்டு குறைவா இருக்கறவங்க, நம்மள்ல நிறைய பேருக்கு அது எதிர்ப்பு சக்தி கோளாறால வந்ததுதான், அது தெரியாமலே வருஷக்கணக்கா மாத்திரை போட்டுட்டு இருப்போம். முடக்கு வாதம், சொரியாசிஸ், லூபஸ், சின்ன வயசுலயே இன்சுலின் போட ஆரம்பிச்ச சுகர், இவங்களும் அதே கணக்குதான். ஃபேட்டி லிவர், ஹெபடைடிஸ் பி, சி, ரொம்ப வருஷம் குடிப்பழக்கம் இருந்தவங்க, ஏற்கனவே தேஞ்சு போன கல்லீரல்ல அடி விழுந்தா தாங்காது. கிட்னி மாத்தினவங்க, கல்லீரல் மாத்தினவங்க எதிர்ப்பு சக்திய அடக்கத்தான் மாத்திரை சாப்பிடறாங்க, அதுக்கு நேர் எதிரா ஒண்ண குடிக்கவே கூடாது. டிபி மாத்திரை, முடக்கு வாதம் சொரியாசிஸுக்கு குடுக்கற மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடறவங்களும் வேண்டாம், அந்த மாத்திரைகளே கல்லீரலுக்கு பாரம். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, சின்ன பசங்க கண்டிப்பா வேண்டாம்.

சுகர் மாத்திரை போடறவங்க தனியா கவனிக்கணும். சீந்தில் சுகர இறக்கும், மாத்திரையும் இறக்கும், ரெண்டும் சேந்து திடீர்னு வேர்த்து கொட்டி மயக்கம் வர வாய்ப்பு இருக்கு. நமக்குத்தான் சுகர் குறையுதேன்னு சந்தோஷப்பட்டு மாத்திரைய சொந்தமா நிறுத்திடறவங்களயும் பாத்திருக்கேன், அது வேற ஆபத்து.

இந்த லிஸ்ட்ல நீங்க இல்லன்னா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு எல்எஃப்டி எடுத்து வெச்சுக்கோங்க. எதுக்கு இந்த செலவுன்னு கேப்பீங்க. நல்லா இருக்கும்போது உங்க நம்பர் என்னன்னு தெரிஞ்சாத்தான் பின்னாடி ஏறினா ஏறிருச்சுன்னு சொல்ல முடியும். அத்தைக்கு அது இல்ல, அதனால ஆஸ்பத்திரில இது பழைய வியாதியா புதுசான்னு கண்டுபுடிக்கவே நாலஞ்சு நாள் ஓடிருச்சு. நம்ம ஊர்ல ஃபேட்டி லிவர் இருக்கறதே தெரியாம சுத்தறவங்க அவ்வளவு பேர், அதுவும் இந்த டெஸ்ட்ல பல நேரம் மாட்டும்.

யார கேட்டு குடிக்கறதுன்னா, பிஎஸ்எம்எஸ் படிச்ச சித்த டாக்டர கேளுங்க. அரசு ஆஸ்பத்திரிலயே சித்தா பிரிவு இருக்கு, காசு இல்லாம பாப்பாங்க. உங்க மாத்திரை சீட்டு எல்லாத்தயும் கொண்டு போய் காட்டுங்க. யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு, வாட்ஸ்அப்ல வந்துச்சு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லா கேட்டுச்சு, இது எதுவும் உங்க உடம்ப பாத்து சொன்னது இல்ல. நல்ல சித்த டாக்டர் எத்தன நாள்னு சொல்லி குடுப்பாங்க, பத்தியம் சொல்லுவாங்க, திரும்ப வர சொல்லுவாங்க. நாள் சொல்லாம பாட்டில மட்டும் குடுத்தா அந்த இடத்துல வாங்காதீங்க.

கொடிய எப்படி பாக்கறது

இலை வெத்தல மாதிரி, இதய வடிவத்துல, மெல்லிசா இருக்கும். தண்டு மேல தாள் மாதிரி ஒரு தோல், நகத்தால லேசா சுரண்டினா உரிஞ்சு வந்துரும், உள்ள நல்ல பச்சை. மரத்து மேல இருந்து நூல் நூலா வேர் தரைக்கு தொங்கும். முக்கியமா பாக்க வேண்டியது தண்ட குறுக்க வெட்டினா தெரியற அமைப்பு, நடுவுல இருந்து ஆரம் ஆரமா கோடு ஓடி மாட்டு வண்டி சக்கரம் மாதிரி இருக்கும், சமஸ்கிருதத்துல இதுக்கு சக்கர அடையாளம் உள்ளதுன்னே ஒரு பேர் இருக்கு. ஆனா இந்த குடும்பத்துல வேற கொடிகளுக்கும் சக்கரம் தெரியும், அதனால அத மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாது. மாறி போற கொடின்னு சொல்றது டைனோஸ்போரா கிரிஸ்பா, அதோட தண்டு பூரா மரு மாதிரி பெருசு பெருசா முண்டும் முடிச்சுமா இருக்கும், கைல தடவினாலே தெரியும். அதுவும் கல்லீரல கெடுக்கும், அதுக்கும் கேஸ் பதிவாகி இருக்கு. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் தெரிஞ்சவங்கள கூட்டிட்டு வந்து காட்டுங்க, இல்லன்னா விட்டுடுங்க.

பவுடர்ல இது எதுவுமே பாக்க முடியாது. இடிச்சு சல்லடைல சலிச்சு வந்த பொடில எந்த கொடி இருக்கு, எத்தன கொடி இருக்குன்னு கண்ணால யாராலயும் சொல்ல முடியாது. அதனால பொட்டலமா லேபிள் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. பாட்டிலா வாங்கினா பின்னாடி திருப்பி தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, முடியற தேதி, உள்ள என்னென்ன எவ்வளவு இருக்குன்னு பாருங்க. ஆயுஷ் மருந்துன்னா மருந்து லைசென்ஸ் நம்பர் இருக்கணும். வெறும் உணவு லைசென்ஸ் நம்பர் மட்டும் இருந்தா அது உணவுன்னு விக்கறது, மருந்துன்னு யாரும் சோதிச்சு குடுத்தது இல்ல. காலி ஆனாலும் பாட்டில தூக்கி போடாதீங்க, குறைஞ்சது லேபிள ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஏன்னு பின்னாடி புரியும்.

குடிக்கற நாள்ல

காலண்டர்ல ஆரம்பிச்ச தேதில ஒரு வட்டம் போடுங்க. நிறுத்த வேண்டிய தேதிலயும் இப்பவே ஒரு வட்டம் போடுங்க, டாக்டர் சொன்ன நாள். அந்த ரெண்டாவது வட்டம் இல்லாம ஆரம்பிக்கவே கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன்.

ஒரே சீந்தில் பல பேர்ல உள்ள போறத கவனிங்க. காலைல சீந்தில் கஷாயம், மதியம் சுகருக்குன்னு ஒரு சூரணம், அதுல சீந்தில், சாயங்காலம் கபசுர குடிநீர், அதுலயும் சீந்தில், நைட்டு கிலோய்னு பேர் போட்ட மாத்திரை, பேர் வேறயா இருக்கறதால அது வேற மருந்துன்னு நினைச்சிட்டு இருப்போம். சீந்தில், அமிர்தவல்லி, கிலோய், குடூச்சி, அம்ருதா எல்லாம் ஒண்ணுதான். லேபிள்ல இந்த அஞ்சு பேர்ல எது இருந்தாலும் கணக்குல சேருங்க.

டாக்டர் சொல்லி நாள் கொஞ்சம் நீளமா போகுதுன்னா மூணு நாலு வாரத்துல ஒரு தடவ எல்எஃப்டி பாத்துடுங்க, அறிகுறி எதுவும் இல்லன்னாலும். எஸ்ஜிபிடி ஏற ஆரம்பிச்சு கண்ணு மஞ்சளாகறதுக்கு நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், அந்த இடைவெளில புடிச்சுட்டா பெரும்பாலும் நிறுத்தினாலே சரியாயிரும்.

என்னென்ன கவனிக்கணும்னா, காரணமே இல்லாத அசதி, பசி போறது, எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டறது, வலது பக்கம் விலாவுக்கு கீழ கனமா இருக்கறது, உடம்பு பூரா அரிப்பு ஆனா தோல்ல தடிப்பு எதுவும் இருக்காது, முக்கியமா உள்ளங்கை உள்ளங்கால்ல. இதெல்லாம் வந்தா வெயில், வயசு, வேலைனு காரணம் தேடிட்டு இருக்காதீங்க. அத்தை ரெண்டு வாரம் அப்படித்தான் தேடினாங்க, அசதிக்கு இன்னும் கொஞ்சம் சத்து வேணும் போலன்னு சீந்தில ஒரு டம்ளர்ல இருந்து ரெண்டு டம்ளர் ஆக்கினாங்க. இத எழுதும்போதுகூட எனக்கு மனசு பதறுது.

சிறுநீர பாக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன், லேப்ல நாங்க முதல்ல பாக்கறதே இதுதான். ஒரு சின்ன கண்ணாடி பாட்டில்ல காலைல முதல் சிறுநீர புடிச்சு மூடி நல்லா குலுக்குங்க. தண்ணி கம்மியா குடிச்சதால மஞ்சளா இருந்தா நுரை வெள்ளையாத்தான் இருக்கும். பிலிருபின் இறங்கி இருந்தா நுரையும் மஞ்சளா இருக்கும், சிறுநீரே கட்டன் டீ கலர்ல இருக்கும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, டிபி மாத்திரை சாப்பிட்டாலும் கலர் மாறும், அதனால இது முடிவு சொல்ற டெஸ்ட் இல்ல. ஆனா நுரை மஞ்சளா இருந்தா அன்னிக்கே லேபுக்கு போறதுக்கு அது போதும். நுரை வெள்ளையா இருக்கு அதனால எனக்கு ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்காதீங்க, ஆரம்பத்துல வெள்ளையாவே இருக்கும். மலம் களிமண் மாதிரி வெளுத்து போனாலும், வெளிச்சத்துல கீழ் இமைய இழுத்து பாத்தா வெள்ள விழி மஞ்சளா இருந்தாலும் அதே, அன்னிக்கே போகணும். வெள்ள விழிய பகல் வெளிச்சத்துல பாருங்க, டியூப் லைட்ல சரியா தெரியாது.

அறிகுறி வந்தா

நிறுத்துங்க. இன்னிக்கு இருக்கறத முடிச்சிட்டு நாளைல இருந்துன்னு இல்ல, அந்த நிமிஷமே. சீந்தில் மட்டும் இல்ல, டாக்டர் எழுதி குடுக்காம நீங்களா சாப்பிடற எல்லா கஷாயம், சூரணம், சத்து மாத்திரை, புரோட்டீன் பவுடர், எல்லாத்தயும் நிறுத்துங்க. டாக்டர் எழுதின மாத்திரைய மட்டும் சொந்தமா நிறுத்தாம அவர கேட்டு முடிவு பண்ணுங்க. தலவலி காய்ச்சல்னு பாராசிட்டமால் போடறதும் வேண்டாம், அதுவும் கல்லீரல் வழியாத்தான் போகுது.

எல்எஃப்டி கூட பிடி ஐஎன்ஆர்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதயும் சேத்து எடுக்க சொல்லுங்க. ரத்தம் உறையறதுக்கு வேணுங்கற புரதத்த கல்லீரல்தான் செய்யுது, கல்லீரல் வேலை செய்யுதா நின்னுட்டு இருக்கான்னு எஸ்ஜிபிடிய விட ஐஎன்ஆர்தான் நல்லா சொல்லும். ரிப்போர்ட் வாங்கினா நிறைய பேர் எஸ்ஜிபிடி எவ்வளவுன்னு மட்டும் பாக்கறாங்க. எஸ்ஜிபிடிங்கறது செல் உடைஞ்சு வெளிய கொட்டினது எவ்வளவுன்னு காட்டற நம்பர். எஸ்ஜிபிடி மூணு மடங்குக்கு மேல ஏறி கூடவே பிலிருபினும் ரெண்டு மடங்குக்கு மேல போனா அது சாதாரணம் இல்ல. ஹைமன் ஜிம்மர்மேன்னு ஒரு அமெரிக்க கல்லீரல் டாக்டர் சொல்லி வெச்ச கணக்கு, மருந்தால இப்படி ஆனவங்கள்ல தோராயமா பத்துல ஒருத்தருக்கு உயிருக்கே ஆபத்தாகும் இல்லன்னா கல்லீரல் மாத்த வேண்டி வரும். இன்னொண்ணு, எஸ்ஜிபிடி 1,200ல இருந்து 300க்கு இறங்கிருச்சுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி பிலிருபினும் ஐஎன்ஆரும் கூடவே இறங்குதான்னு பாருங்க. அது ரெண்டும் ஏறிட்டே இருந்து எஸ்ஜிபிடி மட்டும் இறங்கினா, உடையறதுக்கு செல்லே மிச்சம் இல்லன்னுகூட அர்த்தம் இருக்கலாம். இத தெரியாம வீட்டுக்கு கூட்டிட்டு போயிடறாங்க.

ராத்திரி பகல்னு பாக்காம ஓட வேண்டிய நேரம் எதுன்னா, மஞ்சளா இருக்கறவங்க பேச்சுல தடுமாறினா, பகல் பூரா தூங்கி ராத்திரி முழிச்சிட்டு இருந்தா, தேதி கிழமை பேர் குழம்பினா, ஈறுல மூக்குல ரத்தம் வந்தா, வயிறு ஊதினா, வாந்தி நிக்காம போனா. 108 கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, கல்லீரல் டாக்டர் இருக்கற இடமா. சுகர் மாத்திரை போடறவங்களுக்கு இந்த நேரத்துல சுகர் சட்டுனு இறங்கும், கல்லீரல்ல இருக்கற சேமிப்பு தீந்துரும், அதனால குளுக்கோமீட்டர் இருந்தா குத்தி பாத்துட்டே போங்க.

டாக்டர்கிட்ட போகும்போது அந்த பாட்டில, பொட்டலத்த, கொடியா இருந்தா இலையோட ஒரு முழம் தண்ட பேப்பர்ல சுத்தி கைல எடுத்துட்டு போங்க. காலண்டர்ல போட்ட வட்டத்த போட்டோ எடுத்துக்கோங்க. திட்டுவாரேன்னு மறைக்காதீங்க. திட்டட்டும், கேட்டுக்கலாம். மருந்தால வந்த கல்லீரல் பாதிப்ப நேரா சொல்ற டெஸ்ட்னு ஒண்ணு கிடையாது. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ, ஸ்கேன், ஏஎன்ஏ, ஐஜிஜின்னு ஒவ்வொண்ணா பாத்து தள்ளி தள்ளித்தான் அவங்க அந்த முடிவுக்கு வரணும், சில பேருக்கு கல்லீரல்ல ஊசி போட்டு துளி சதை எடுத்தும் பாப்பாங்க. நீங்க சொல்லாம விட்டா அந்த தேடல்ல சீந்தில்ங்கற பேரே வராது.

அத்தைக்கு எல்லா வைரஸும் நெகட்டிவ், ஏஎன்ஏ பாசிட்டிவ். டாக்டர் ஸ்டீராய்டு ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாரு, நம்பர் எல்லாம் பழைய நிலைக்கு வர மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. ஸ்டீராய்டுன்னு எழுதினதும் மெடிக்கல்ல வாங்கி சாப்பிட்டுடலாம்னு யாரும் நினைக்காதீங்க, உள்ள ஹெபடைடிஸ் பி ஒளிஞ்சிருந்தா ஸ்டீராய்டு அத எழுப்பி விட்டுரும், அதனாலதான் முதல்ல அத பாத்துட்டு ஆரம்பிக்கறாங்க.

கீழாநெல்லி விஷயம்

கண்ணு மஞ்சளானதும் வீட்ல முதல் வார்த்தையே கீழாநெல்லிதான் வரும். அத்தை வீட்லயும் சித்தப்பா அரைச்சு மோர்ல கலக்கி கைல வெச்சுட்டு நின்னாரு. நான் கும்பிட்டு கேட்டு வாங்கி வெச்சேன். ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸால வர்ற மஞ்சக்காமாலை பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல தானா இறங்கும், அந்த நேரத்துல எத குடிச்சிருந்தாலும் அதாலதான் போச்சுன்னு தோணும். ஆனா மூலிகையால அடி வாங்கின கல்லீரல் மேல இன்னொரு மூலிகைய போடறப்ப, ஏறினா எதால ஏறுது, இறங்கினா எதால இறங்குதுன்னு டாக்டருக்கு தெரியாம போயிரும், அதவிட முக்கியமா நாள் போயிரும். கைல சூடு போடறது, மந்திரிக்கறது, வாந்தி எடுக்க வெக்கறது, கண்ல சொட்டு விடறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பட்டினியும் போடாதீங்க, டாக்டர் வேற ஏதும் சொல்லாத வரைக்கும் வழக்கமான சாப்பாட கொஞ்சம் கொஞ்சமா பல வேளையா குடுங்க, குடிப்பழக்கம் இருந்தா அது மட்டும் ஒரு சொட்டு கூடாது.

சரியான பிறகு

மறுபடி சீந்தில தொடக்கூடாது. கொஞ்சமா, வாரத்துக்கு ஒரு தடவ, வேற கம்பெனி, எதுவும் கிடையாது. ரெண்டாவது தடவ வர்றது முதல் தடவய விட சீக்கிரமாவும் கடுமையாவும் வரலாம். மாத்திரை அலர்ஜி எழுதி வெக்கற மாதிரி, சீந்தில் சேராதுன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. எல்எஃப்டி டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் விடாம பாருங்க, சில பேருக்கு எதிர்ப்பு சக்தி கோளாறு அப்படியே தங்கி வருஷக்கணக்கா மாத்திரை தேவைப்படும்.

சீந்தில நிறுத்திட்டு வேற ஒண்ணுக்கு தாவறவங்களுக்காக இதயும் சொல்றேன். அமுக்கராவாலயும், அதாவது அஸ்வகந்தாவாலயும், கல்லீரல் பாதிப்பு பதிவாகி இருக்கு, 2020ல ஐஸ்லாந்து, அமெரிக்கா டாக்டருங்க 5 பேர பத்தி எழுதினாங்க, 2023ல டென்மார்க் ஹார்மோன் மாதிரி வேற பாதிப்புகள சொல்லி அத தடையே பண்ணிருச்சு. வெண்புள்ளிக்கு குடுக்கற கார்போகரிசியும் இந்த லிஸ்ட்ல உண்டு. எடை குறைய விக்கற கிரீன் டீ சத்து மாத்திரை, மிளகு சத்து சேத்த மஞ்சள் மாத்திரை ரெண்டும் உண்டு, குழம்புல போடற மஞ்சளுக்கும் டம்ளர்ல குடிக்கற டீக்கும் இந்த பயம் வேண்டாம், செறிவாக்கி மாத்திரையா அடைச்சதுதான் பிரச்சன. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இது ரெண்டயும் உள்ளுக்கு சாப்பிடவே சாப்பிடாதீங்க, அதுல இருக்கற ஒரு நஞ்சு கல்லீரல்ல ரத்தம் போற சின்ன குழாய்கள அடைச்சுரும். 1970கள்ல சர்குஜா மாவட்டத்துல, இப்ப சத்தீஸ்கர்ல இருக்கு, சாமை தானியத்துல கிலுகிலுப்பை இன விதை கலந்து போய் அத சமைச்சு சாப்பிட்ட ஊர் சனங்க வயிறு வீங்கி செத்தாங்க.

வீட்ல பெரியவங்க இருக்கறவங்களுக்கு

"மருந்து சாப்பிடறீங்களா"ன்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் பதில் வரும், பொய் சொல்றாங்கன்னு இல்ல, அவங்க மனசுல அது மருந்தே இல்ல. நான் இப்ப லேப்ல கேள்விய மாத்திட்டேன். "காலைல வெறும் வயித்துல என்ன குடிக்கறீங்க?" "படுக்க போறதுக்கு முன்னாடி ஏதாவது கலக்கி குடிப்பீங்களா?" "மூட்டு வலிக்கு, சுகருக்கு, முடிக்குன்னு யாராவது எதாவது குடுத்தாங்களா?" இப்படி கேட்டா வரிசையா வரும், வெந்தயம், சீரகத் தண்ணில ஆரம்பிச்சு நாலாவது அஞ்சாவதா சீந்தில் வரும், கருஞ்சீரகம் வரும், பேர் தெரியாத ஒரு பொடி வரும். வர்றத எல்லாம் ஃபார்ம்ல ஓரமா பேனால எழுதி விடறேன், டாக்டர் கண்ல படட்டும்னு. நீங்களும் அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறதுக்கு முந்தின நாள் ராத்திரி சமையக்கட்டுல நின்னு இந்த மூணு கேள்விய கேட்டு எழுதிட்டு போங்க.

உங்களுக்கோ வீட்ல யாருக்காவதோ இப்படி ஆகியிருந்தா புகாரா பதிவும் பண்ணுங்க. மருந்தால வர்ற பாதிப்ப சொல்றதுக்கு இந்திய மருந்து கண்காணிப்பு திட்டத்தோட இலவச நம்பர் 1800 180 3024. ஆயுஷ் மருந்துகளுக்குன்னு ஆயுஷ் சுரக்ஷான்னு தனி இணையதளமும் இருக்கு. கூப்பிடும்போது மருந்து பேர், பேட்ச் நம்பர், ஆரம்பிச்ச தேதி, நிறுத்தின தேதி, ரிப்போர்ட் நம்பர் எல்லாம் கேப்பாங்க, பாட்டில தூக்கி போடாதீங்க, தேதிய வட்டம் போடுங்கன்னு மேல சொன்னது இதுக்கும் சேத்துத்தான். வீட்டு கொடியா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க. அத்தையோடத நான்தான் உக்காந்து எழுதி அனுப்பினேன், பேட்ச் நம்பர் கேட்ட இடத்துல வேப்பமரத்து கொடின்னு எழுதினேன்.